சேதாரம்

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள்
மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன்.
பெயிண்ட் வாளிகளில் மண் அடைத்துக் கிடந்தது.
பழைய ஸ்க்ரூடிரைவரால் கொத்திவிட்டு
லீ பஜாரில் வாங்கிய முள்ளங்கி விதை,
ஆறு காலிபிளவர் நாற்று.
கொத்தமல்லிக்கு அஞ்சறைப்பெட்டியே போதும்,
செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக்கிப் போட்டேன்.

ஆடியில் வைத்த அவரை மட்டும்
பந்தல் கொள்ளாமல் இலையாகவே நின்றது.
"இலைக்கா இத்தனை கயிறு?"
வாடகை வாங்க வந்த பழனியாண்டி கேட்டார்.
பொழுது குறுகினால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும்.
இதை அவரிடம் சொல்லி
எந்த வாடகை குறையப் போகிறது.
கார்த்திகையில் அதற்குத் தோன்றியது,
ஊதா ஊதாவாக.

தெற்கு வீட்டின் புது மாடி
என் வெயிலில் பாதியை விழுங்கிவிட்டது.
ஞாயிற்றுக்கு ஞாயிறு
நிழலின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டேன்.
கோடு வடக்கே போகப் போக
வாளிகளையும் நகர்த்தினேன்.
பதினாலு வாளி, ஒரு முதுகு.

கீழே எனக்குக் கொலுசு பற்றவைக்கிற வேலை.
கண்ணிக்குக் கண்ணி பொடி வைத்து ஊதுகிற
அதே சாமணத்தால்தான்
காலையில் காலிபிளவர் புழுவை எடுப்பேன்.
குருத்துக்குள் சுருண்டிருக்கும், அதே பச்சையில்.
முதல் நாள் கண் கூசியது.
பிறகு எண்ணத் தொடங்கினேன்.

மார்கழி முழுக்க
வடக்கே சேர்வராயன் மலை இல்லை.
ஒன்பது மணிக்கு மேல்
முதலில் ஒரு தோள் வரும்,
பிறகு ஏற்காடு பஸ் ஏறுகிற பாதை.

பக்கத்து மாடி தஸ்தகீரின் புறாக்கள்
கொத்தமல்லி முளையை ஒரே காலையில் தீர்த்தன.
சண்டைக்குத்தான் போனேன்.
அவர் ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய
காய்ந்த புறா எச்சத்தைத் தூக்கி வந்து
கைப்பிடிச் சுவரில் வைத்தார்.
"சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுக்குதுங்க" என்றார்.
வாங்கிக்கொண்டேன்.
மறுபடி விதைத்து, மேலே
கிழிந்த கொசுவலை கட்டினேன்.

தை மூன்றாம் நாள் முதல் அவரைப் பறிப்பு.
கொலுசுத் தராசில் வைத்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம், முந்நூற்று நாற்பது மில்லி.
யாரும் பார்க்கவில்லை.
கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

குண்டுமல்லி என்னுடையது அல்ல.
முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது.
வாளியில் ஆணியால் கீறியிருக்கிறது:
பூர்ணிமா, 3-பி.
கவாத்துப் பண்ணச் சொன்னார்கள் விதைக்கடையில்,
இரக்கப்படாதீங்க என்றார்கள்.
மூன்று நாள் கத்தரிக்கோலோடு ஏறி இறங்கினேன்.
நாலாம் நாள் முழங்கால் உயரம் விட்டு
மீதியை வெட்டினேன். இலையையும் உருவினேன்.
பத்து நாள் தண்ணீர் காட்டவில்லை.
அடுத்தவர் பிள்ளைக்கு மொட்டை போட்டது போல
பழனியாண்டி வரும்போதெல்லாம்
அந்த வாளிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

மாசியில் முள்ளங்கி கசந்தது.
ஆறு காலிபிளவரில் நாலு, கைக்குள் அடங்கும் அளவு.
இரண்டை இன்னும் என்னவென்று சொல்ல முடியவில்லை.
மலையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு
ராத்திரி முழுக்க ஒரு சிவப்புக் கோடு
மெல்ல மேலே ஏறியது.
ஊதுகுழாயின் நுனியில் நான் பார்க்கிற
அதே சிவப்பு.
கொடியில் காய்ந்த துணியில் சாம்பல் துகள்.
வாளிகளை இப்போது நிழலுக்குத் தள்ளுகிறேன்,
பழைய சாக்பீஸ் கோடுகளைத் தாண்டித் தாண்டி
தெற்கு வீட்டின் சுவரோரம்.
திட்டிய வாய்க்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

இன்று மல்லியில் ஏழு மொட்டு.
பறித்துத் தராசில் வைத்தேன்.
ஒரு கிராம் எண்ணூறு மில்லி.
உருப்படி எடைக்கு நோட்டில் ஒரு கட்டம்,
பக்கத்திலேயே சேதாரத்துக்கு ஒரு கட்டம்.
புறா தின்றது, புழு தின்றது,
கத்தரிக்கோல் தின்றது,
மூன்றாம் வகுப்பில் ஆணி பிடித்த விரல்
இப்போது எந்த ஊரில் எதைக் கீறுகிறதோ அது.
பேனாவைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
பட்டறைக்கு நேரமாகிவிட்டது.
ஏழையும் தலையில் செருகிக்கொண்டு
இறங்கினேன்.