மூன்று விரற்கடை

பஸ்ஸை வீடாக்கி ஓட்டிக்கொண்டு
பெரகலை வளைவுகளில் ஏறி வந்தார் இம்தியாஸ்.
பின்சீட்டுகள் இருந்த இடத்தில் கட்டில்.
கொண்டக்டர் சாய்ந்து நின்ற மூலையில் காஸ் அடுப்பு.
"முட்டை ஊத்தினா எடப்பக்கம் ஓடுது பாஸ்.
ராவெல்லாம் உருண்டு வந்து என்னை நசுக்கிப்போட்டு
காலையில எங்கிட்டயே கோவம், ஷிரீனுக்கு."

"பலூன் போயிருச்சு," என்றான் டெல்சன்,
குனிந்துகூடப் பார்க்காமல்.
அவனுக்கு எல்லா வியாதியும் பலூன்தான்.
புதுசு வாங்கினால் கடைக்காரன் அவனைக் கவனிப்பான்.

இஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
பதுளை ரயில் கத்திக்கொண்டு போய் முடியட்டும் என்று நின்றேன்.
பிறகு கேட்டது,
உறங்குகிறவன் பல்லிடுக்கில் விடுகிற மாதிரி ஒரு மூச்சு.

சட்டத்துக்கு அடியில் நாலு சிலிப்பர் கட்டை.
காற்றில் நிற்கும் வண்டிக்குக் கட்டை கொடுக்காமல் படுக்கிறவன்
சம்பளத்தை யாரிடம் கொடுப்பதென்று
சொல்லிவிட்டுப் படுக்கவேண்டும்.

துணிச் சவர்க்காரம் கரைத்த தண்ணீர், முடி உதிர்ந்த தூரிகை.
பலூனின் மடிப்புகளில் ஒன்றுமில்லை.
டாங்கியில் ஒன்றுமில்லை.
முழங்கைப் பைப்பின் கழுத்தில்
ஒரு குமிழி எழுந்து, உடையாமல், யோசித்தது.
பக்கத்தில் இன்னொன்று.

ஓ-ரிங், நூற்றெண்பது ரூபாய்.
டெல்சன் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

விடிய விடிய நின்றது, ஒரு நூல் இறங்கவில்லை.
உள்ளே ரசமட்டம் வைத்தேன், குமிழி நட்டநடுவில்.
காசு வாங்காத குறை.
இம்தியாஸ் தியத்தலாவை மைதானம்வரை போய்
மத்தியானம் திரும்பி வந்தார்.
"அங்க சாயுது பாஸ். இங்க நேரா நிக்குது."

உயர வால்வுக்கு ஒரு கை உண்டு.
வால்வு சட்டத்தில், கையின் நுனி அச்சில்.
உடம்பு தாழ்ந்தால் காற்றை உள்ளே விடும்,
உயர்ந்தால் வெளியே விடும்.
அடிவானம் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது.
எந்தத் தரையில் வைத்து நட்டை முடுக்கினார்களோ
அந்தத் தரைதான் உலகம்.

ஏதோ ஒரு சரிவில் நிறுத்தி நேராக்கியிருக்கிறார்கள்.
சரிவு அங்கேயே கிடக்க
திருத்தம் மட்டும் ஊர் ஊராய்ப் போகிறது.

"எந்தக் குருடன் பார்த்த வேலை?" என்றான் டெல்சன்.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சேற்றைத் துடைத்தேன்.
நட்டின் தலையில்
மஞ்சள் புள்ளி.

நான் முடுக்கிய நட்டுக்கு நான் வைக்கிற புள்ளி.
அந்தப் பெயின்ட் டின் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.
பஸ்ஸாக இருந்த காலத்தில், வேறு நிறத்தில்,
வேறொரு முதலாளியோடு வந்திருக்கிறது.

மேசன் வில்பிரட்டிடம் தண்ணீர்க் குழாய் இரவல் வாங்கினேன்.
ஒரு நுனியை இந்தத் தூணில் பிடித்து
மறு நுனியை அந்தத் தூணுக்குக் கொண்டுபோனேன்.
மூன்று விரற்கடை.
பதினோரு வருடம், நானே சிமெந்து ஊற்றிய தரை.
இந்தச் சரிவைப் பூட்டிக்கொண்டு
எத்தனை வண்டிகள் இறங்கிப் போயிருக்கும்,
சாய்ந்துகொண்டே, என்னை வாழ்த்திக்கொண்டே.

வலப்பக்க டயர்களுக்கு அடியில் பலகை வைத்தோம்.
கையை அளந்தேன், முடுக்கினேன்.
தூரிகையை எடுத்துக் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
பழைய புள்ளிக்கு மேலேயே வைத்தேன்.

"கூலி?" என்றார்.
"அது போன தடவையே வாங்கிட்டேன்."
போன தடவை எது என்று அவருக்கு விளங்கவில்லை.
சிரித்தார், பெரிய மனசென்று நினைத்திருப்பார்.
உள்ளே ஷிரீன் முட்டை ஊற்றினாள்.
வட்டமாக நின்றது.

பஸ் பண்டாரவளைப் பக்கம் திரும்பி மறைந்ததும்
டெல்சன் தரையைக் கழுவினான்.
தண்ணீர் வழக்கம்போல
தானே வலப்பக்கம் ஓடிக் கானுக்குள் விழுந்தது.
நல்லா வடியுற தரை என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.