பதினேழாம் கேள்வி

டோர்ட்முண்டில் நவம்பர் மழை கரியைக் கழுவுவதில்லை,
இடம் மாற்றி வைக்கிறது.
என் பையில் நாற்பது வினாத்தாள்.
ஒவ்வொன்றிலும் அறுபத்திரண்டு கேள்வி,
வீட்டுக்கு நான்கு மார்க் கூலி.

எகோன் பியோன்டெக், மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு.
சுரங்கத்தின் விளக்கறையில் வேலை:
எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார்.
ஒன்று குறைந்தால் கீழே ஓர் ஆள்.
வானொலியை நிறுத்தினார். எனக்காக நாற்காலியைத் துடைத்தார்.
பதினாறு வரை பென்சில் நிற்கவே இல்லை.

பதினேழு: உங்கள் வேலையில் உங்களுக்குத் திருப்தி உண்டா?
மிகவும், ஓரளவு, சொல்லத் தெரியவில்லை, இல்லை, அறவே இல்லை.
சன்னலைப் பார்த்தார். என் காலணியைப் பார்த்தார்.
"ஓரளவு என்று போடுங்கள்."
போட்டேன். ஓரத்தில் பொடியெழுத்தில்
'பதிலுக்கு முன் நெடுநேரம்' என்றும்.

அட்டையில் துளை போடும் இயந்திரம் ஓரங்களைப் படிக்காது.

பிப்ரவரியில் கருத்தரங்கு.
வெப்பக்குழாய் தட்டிக்கொண்டே இருந்தது,
உள்ளே யாரோ மாட்டிக்கொண்டதுபோல்.
பேராசிரியர் நோவாக் திரையில் ஒரு தூணைக் காட்டினார்:
ஓரளவு, அறுபத்தொரு விழுக்காடு.
"இருப்பதைச் சொல்வது நம் வேலை.
இருக்கவேண்டியதைச் சொல்லப் பாதிரியார்கள் இருக்கிறார்கள்."

விட்கோப் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றினார்.
"பூட்டிய வீட்டுக்குள் இருப்பவனிடம்
சுவரின் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு
பதில்களைக் கூட்டிப் பார்க்கிறீர்கள்.
இந்த அறுபத்தொன்று அவர்கள் சொன்னது அல்ல,
சுரங்கம் அவர்கள் வாயால் சொன்னது."
"அவர்களுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"
"உங்கள் வினாத்தாளை யார் காசில் அச்சடித்தீர்கள்?"
மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள், இரண்டுக்குமே.

பின்வரிசையில் நான்.
அந்தத் தூணில் ஒரே ஒரு செங்கல் எனக்குத் தெரியும்.
அது நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தது.

மறுநாள் மறுபடி படியேறினேன், கூலியில்லாமல்.
பதினேழை மட்டும் கேட்டேன்.
பியோன்டெக் சிரித்துவிட்டார்.
"அன்றைக்கா? உங்கள் காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
இல்லை என்றிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பீர்கள்.
ஏன் என்று சொல்ல எனக்கு ஒரு முழு ராத்திரி வேண்டும்.
உங்களுக்கோ கடைசி டிராம்."

இருவரிடமும் போய்ச் சொன்னேன்.
அளவைப் பிழை, என்று குறித்துக்கொண்டார் நோவாக்.
விட்கோப் மகிழ்ந்தே போனார்:
"பரிவு! ஆதிக்கம் மாட்டிக்கொள்ளும் கடைசிச் சட்டை."
நல்ல வாக்கியம்தான். நானும் எழுதி வைத்துக்கொண்டேன்.
நனைந்த காலுறையைப் பற்றி
இருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த 'ஏன்' இன்னும் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது.
கடைசி டிராமை வேண்டுமென்றே தவறவிட
ஒரு வெள்ளிக்கிழமை தேடுகிறேன். அகப்படவில்லை.
திங்களன்று புது வினாத்தாள் வந்தது, எழுபது கேள்வி.
பதினேழு இப்போது இருபத்து மூன்று.