பத்தொன்பது புள்ளி நாலு

பேட்டை சிட்கோவில் கரண்ட் போய் வந்ததும்
இயந்திரம் மறுபடி பூஜ்யம் கேட்டது.
கொடுத்தேன்.
இரண்டு தாடைக்கும் நடுவில்
இடுப்பு ஒடுங்கிய வெள்ளைத் துண்டு.
நிமிடத்துக்கு ஐம்பது மில்லிமீட்டர்:
வட்டிக்காரன் பேசுகிற மாதிரி
அவசரமில்லாத இழுவை.

முதல் கலவையில் நூற்றுக்கு நாற்பது
தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் மாவு.
செல்லக்கனி அண்ணாச்சி
கால்குலேட்டரில் கண்டுபிடித்த கலவை.
வளைத்தால் விறைப்பாக நிற்கும்,
நல்ல நாற்காலி என்று நம்ப வைக்கும்.
இழுத்தேன்.
இடுப்பு வெளுக்கவில்லை, நீளவும் இல்லை.
டப்.
பத்தொன்பது புள்ளி நாலு மெகாபாஸ்கல்.

லென்ஸில் பார்த்தால், முறிந்த முகத்தில்
ஒவ்வொரு சுண்ணாம்பு மணியும்
தன் குழிக்குள், சுவரைத் தொடாமல்
உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது
திசையன்விளையிலிருந்து சாக்கில் வந்த பனந்தும்பு.
கழுவாமல் நறுக்கிப் போட்டது.
இருபத்தாறு.
தும்பு அறவில்லை, உருவிக்கொண்டு வந்துவிட்டது,
வழவழவென்று துளைகளை விட்டுவிட்டு.
வலுவெல்லாம் தும்பிடமே இருந்தது,
பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக்குக்குத் தெரியாமல்.

மூன்றாவது என் யோசனை.
அதே தும்பை ஒரு ராத்திரி காரத்தில் ஊறப்போட்டு,
கைத்தோல் உரிய ஏழு தண்ணீர் அலசி, உலர்த்தி,
இரண்டையும் கோர்க்கிற மருந்து நூற்றுக்கு மூன்று.
விலையைச் சொன்னேன்.
"ஏம்மா பல்கீஸ், அது என்ன அத்தரா?"

முப்பத்தஞ்சு!
தும்பு இந்தத் தடவை அறுந்தது.
அறுந்த நுனியில் பிளாஸ்டிக்,
குழைந்த சோறு விரலில் ஒட்டுகிற மாதிரி.
ஒன்று அறுந்ததற்காக
நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

போன ஆனியில் வீரவநல்லூர் மண்டபத்தில்
பந்திக்குக் காத்திருந்த சம்பந்தி ஒருத்தர்
நாற்காலியோடு தரையில் உட்கார்ந்தார்.
சிரித்தார்கள், அவர் எழுந்திருக்காதது தெரிகிற வரைக்கும்.
இடுப்பெலும்பு.
ஒடிந்த காலை மஞ்சப்பையில் போட்டு
அண்ணாச்சிதான் எடுத்து வந்தார்.
என் மேசையில் வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அந்த முகத்திலும் மணிகள்,
தனித்தனிக் குழியில்.

இன்றைக்குச் சொல்கிறார்:
"மொதக் கலவைக்கு இருபத்தெட்டுன்னு போட்டுரு.
விறைப்பு நல்லாத்தானே இருக்கு,
யாரு இழுத்துப் பாக்கப் போறா?"

நான்தான் அண்ணாச்சி.
அதுக்குத்தானே சம்பளம்.

பத்தொன்பது புள்ளி நாலு என்றே அடித்தேன்.
முறிந்த ஐந்து துண்டையும் உறையில் போட்டு
அறிக்கையோடு சேர்த்துப் பின் குத்தினேன்.
வாங்கினார்.
முதல் பக்கத்தைப் படித்தபடியே
பின்னால் கைவிட்டு நாற்காலியை இழுத்தார்,
நம்ம கம்பெனி நாற்காலி,
போன மாசத்துச் சரக்கு.
ஒரு நொடி அதைப் பார்த்தார்.
மிச்சத்தை
நின்றுகொண்டே படித்தார்.