நெற்றியில் வெள்ளை

நகராட்சியில் கார்பன் தாள் வைத்து
ரசீது எழுதுகிறவள் நான்.
தம்பி சந்தியாகு ஏரிக்கரையில் சவாரி விடுகிறான்.
காந்தலில் ஒன்றரை அறை வீடு.
குளிக்கிற இடத்துக்கும் வாசல் கதவுக்கும் நடுவே
டாலர் நிற்கும்.
ஈரத்தோடு வருகிறவர் துண்டை
ஒரு முறை மென்று பார்த்துத்தான் வழிவிடும்.

"இது வீடா, லாயமா?"
தம்பி பெண்டாட்டி ஜெசிந்தா
ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்பாள்.
மூன்றாம் தரம் கேட்கும்போது
அவள் கையில் உடைந்த கேரட் இருக்கும்.

சித்திரையில் ஒரு சினிமாக் கம்பெனி வந்தது.
ஊருக்குள் மட்டக்குதிரை வளர்க்கிற குடும்பத்தின் கதையாம்.
அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இருந்து
கடைசியில் அழுது சேர்வார்களாம்.
ஃபெர்ன்ஹில் பக்கம் பங்களா பிடித்து
மடிப்புக் கலையாமல் வைக்கோல் விரித்திருந்தார்கள்.
சாணி வாசம் இல்லாத லாயத்தை
அன்றுதான் பார்த்தேன்.
டாலருக்கு முகம் பத்தாது என்றார் கேமராக்காரர்.
ஒரு பையன் பிரஷ்ஷோடு வந்து
நெற்றியில் நட்சத்திரம் வைத்தான்.
மூன்று நாள் வாடகையில் பாதி கொடுத்தார்கள்.
நட்சத்திரத்தை அழிக்காமல் போனார்கள்.

அதற்கப்புறம் பிள்ளைகள்
வேறு குதிரையில் ஏற மாட்டேன் என்றன.
சாயம் மங்க மங்க
ஜெசிந்தாவின் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து
தினம் விடியலில் தீட்டினான் சந்தியாகு.
பவுடர் டப்பாவுக்காக நடந்த சண்டை
தெருவுக்கே தெரியும்.

ஆடியில் ஒரு ராத்திரி கயிறு அவிழ்ந்தது.
அவிழ்த்தது யார் என்பதில்
வீட்டில் இன்னும் இரண்டு கட்சி.
நான்தான்.
துணி காயப்போடக் கொடி இல்லை.

சேரிங் கிராஸில் பஸ்ஸை மறித்ததாம்.
பிடித்து வந்த மேஸ்திரி பதிவேட்டில் எழுதினார்:
மட்டக்குதிரை, பெண், செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை.
விடிய விடிய மழை.
காலையில் பட்டியில் நின்றது
பெண்தான், செம்பழுப்புதான்.
மூக்குவரை ஒழுகிக் காய்ந்த ஒரு கோடு மட்டும்.

"இது அது இல்லையே," என்றார் ஆய்வாளர்.
"வெள்ளை எங்கே?"
சந்தியாகு வரிசையில் நின்றான்.
ஆபீஸுக்குள் என்னை அவன் மேடம் என்பான்.
நானும் தலை நிமிராமல் கேட்டேன்.
"பேர்?"
சொன்னான்.
"தகப்பனார் பேர்?"
பின்னால் நின்றவர் இருமினார்.
"மேடத்துக்குத் தெரியும்."

இன்னாசிமுத்து என்று அழுத்தி எழுதினேன்.
வெள்ளைத் தாளிலும் மஞ்சளிலும் ரோஸிலும்
அப்பா இறங்கினார்.
மூன்றாவதில் சரியாகத் தெரியவில்லை.
அபராதத்துக்கு அவனிடம் நானூறு குறைந்தது.
என் கைப்பையைத் திறந்ததை
அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பார்த்தான்.

பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பி
ஒயிட்னர் பாட்டிலைக் குலுக்கி
வெள்ளை என்ற சொல்லின் மேல்
வெள்ளை பூசினேன்.
ஊதினேன், காய்ந்தது.
ஆய்வாளர் டீ குடிக்கப் போயிருந்தார்.

சாயங்காலம் நான் வீடு சேர்ந்தபோது
டாலர் அதே இடத்தில், என் சேலைக் கொடியில் கட்டுண்டு.
ஈரத் துணியெல்லாம் அதன் முதுகில்.
"இது வீடா, லாயமா?" என்றாள் ஜெசிந்தா.
எத்தனையாவது தரம் என்று தெரியவில்லை.
கையைப் பார்த்தேன்.
படம் இன்னும் வரவில்லை.