விரலளவு

கடை வாசலில் இரண்டு மான்கள்
வாழைப்பழத் தோலுக்காக நின்றன.
உள்ளே ஜவ்பர் நானா
திமிங்கிலம் ஓடவிட்டிருந்தார்.

புளூ-ரே.
பார்வைக்குப் பழைய டிவிடி மாதிரித்தான்,
கவிழ்த்துப் பிடித்தால் கொஞ்சம் நீலம்.
"கண் தெரியுதா, சத்தியசீலன்?"
தெரிந்தது.
ஒன்பது பருவமாய் உப்புவெளியிலிருந்து
வெள்ளைக்காரரை ஏற்றிப் போகிறவன் நான்.
முதுகு கண்டிருக்கிறேன், வால், மூச்சு
(அழுகல் நாற்றம், ஒருவரும் சொல்வதில்லை).
கண்ணை அன்றுதான் கண்டேன்.
மாட்டுக் கண் போல, சின்னதாய்.
கொஞ்சம் வெட்கமாய்ப் போயிற்று.

பிளேயர் பதினெட்டாயிரம்.
அதற்குத் தோதான தட்டை டிவி எழுபத்திரண்டு.
படகுக்குப் புது புரொப்பெல்லர் வாங்கி
மிச்சத்தில் கூரைத் தகடும் மாற்றலாம்.
"இந்த உப்புக் காத்துக்கு எதுவும் மூன்று வருசம், நானா."
"இது நாலு" என்றார், சிரிக்காமல்.

வீட்டில் யோகமலர்
சூடை மீனின் செதில் சுரண்டியபடி கேட்டாள்:
"திமிங்கிலத்தை விடுங்க.
அதில போட்டால் தம்பியின்ர முகம் தெளியுமா?"

எங்கள் கலியாண வட்டில்
நாற்பத்தோராவது நிமிசம்
சாம்பார் வாளியோடு குகபாலன் கடப்பான்.
இரண்டு செக்கன். முகம் ஒரு வெள்ளைப் புகை.
அதற்குப் பிறகு அவனை
ஒருவரும் படம் எடுக்கவில்லை.

பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனோம்.
நானா பொய் சொல்லியிருக்கலாம்.
"கேசட்டில் விழாதது டிவிடிக்கு வராது தங்கச்சி,
டிவிடியில் இல்லாததை
இந்த மெசின் எங்கேயிருந்து எடுக்கும்?"
வந்த வியாபாரத்தை வாயாலேயே கெடுத்துவிட்டு
போட்டும் காட்டினார்.

அதே புகை.
பெரிய டிவியில் பெரிய புகை.

ஆனால் எங்கள் பழைய பெட்டி
இத்தனை வருசமும்
படத்தின் ஓரத்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது,
ஒரு விரலளவு.
அந்த விரலளவுக்குள்
ஒரு கை.
பச்சைக் கண்ணாடி வளையல்.
அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது,
அவன் திரும்புகிறான்,
வாளி தளும்புகிறது.
முகம் கலங்கியது அதனால்தான்.

"இன்னொருக்கா" என்றாள்.
"இன்னொருக்கா."
ஏழாம் தரம் நானா
ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத்
தேத்தண்ணி சொல்ல வெளியே போனார்.
மான்களை விரட்டும் சத்தம் கேட்டது.

ஏகாம்பரம் வீதி திரும்பும்வரை பேசவில்லை.
பிறகு பின் சீற்றிலிருந்து,
"பச்சை வளையல்...
பந்திக்கு இலை போட நின்றவள் ஒருத்தி,
பெயர் வருகுதில்லை" என்றாள்.
கடற்கரை வந்தது.
"வந்தாலும் என்ன கேக்கிறது அவளிட்ட?"

இன்னும் கொஞ்சத் தூரம்.
"தவணைக்குக் குடுப்பாரோ?"

புரொப்பெல்லரில் ஓர் இதழ்தான் நெளிந்திருக்கிறது.
மெதுவாய்ப் போனால்
தாங்கும்.