கதவு ஓசை: தாம்சன், மனிடோபா

காலை ஐந்தே கால். மைனஸ் முப்பத்தொன்பது.
மோட்டல் முற்றத்தில் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும்
ஒரு மின்கம்பி சுவருக்குப் போகிறது,
ஐசியூவில் படுத்திருப்பவர்களைப் போல.

எங்கள் காருக்கு இன்னும் பெயரில்லை.
எண் நாற்பத்தேழு, மூன்றாவது உடல்.
உளவுக் கேமராக்களை ஏமாற்ற
மேலெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழிகள்.
உள்ளே மட்டும் சீமாட்டி:
வால்நட் பலகை, எட்டு மாடுகளின் தோல்,
கவென்ட்ரியில் கையால் போட்ட தையல்.

என் வேலை கதவு.
சரியாகச் சொன்னால், கதவு மூடும் ஓசை.
அதற்கே பதினான்கு மாதம் ஆகிவிட்டது.
முதல் மாதிரி ‘டமால்’ என்றது. தகரப்பெட்டி.
ரப்பரைத் தடிமனாக்கினோம்: ‘தொப்.’ ஈர மூட்டை.
பூட்டு நாக்குக்கு நைலான் உறை போட்ட பின்
ஒரு மார்ச் மாதப் பகலில்
‘தப்’ என்றது,
கனத்த புத்தகத்தைப் படித்து முடித்தவர்
மூடி வைக்கிற மாதிரி.
கேரத் எழுந்து நின்று கைதட்டினான்.
படிவத்தில் ஒன்று முதல் பத்துவரை எண்கள் மட்டுமே.
எட்டரை என்று எழுதி
ஓரத்தில் பென்சிலால் ‘தப்’ என்றும் எழுதி வைத்தேன்.

அதே கதவு இங்கே
இரண்டு இரவு வெளியில் நின்றதும்
‘டக்டக்’ என்கிறது. பல் கிட்டிப்போய்விட்டது.
இயந்திரக் கை இருநூறு முறை தள்ளியது.
இருநூறு முறையும் பூட்டிக்கொண்டது.
ஓசை அசிங்கம். ஆனாலும் பாஸ்.
“இந்தக் குளிரில் இதை எவன் ஓட்டப்போகிறான்,
எழுது, கிளம்பலாம்” என்றான் கேரத்,
விரல்களைக் கக்கத்தில் செருகியபடி.

அப்போது வந்தாள் டார்லீன் லிங்க்லேட்டர்.
சோதனைத் திடலில் பனி அள்ளும் வண்டி அவளுடையது.
இரண்டு கையிலும் காபி, எங்களுக்குத்தான்.
முழங்கைவரை தோல் கையுறை.
திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.
திரும்பி நின்று
இடுப்பால் ஓர் இடி.

கதவு போனது.
திரும்பி வந்தது.
மறுபடி இடித்தாள். மறுபடி வந்தது.

“ஜனவரியில் கையால் கதவு மூடுகிற ஆளை
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை” என்றாள்
காபியை நீட்டிக்கொண்டே.

இயந்திரக் கை தள்ளுவது கைப்பிடியருகே.
இடுப்பு தள்ளுவது ஒன்றரைச் சாண் கீழே.
அங்கே கதவு மயிரிழை முறுக்கிக்கொள்கிறது,
நாக்கு எட்டவில்லை.
எங்களில் ஒருவருக்கும்
தனக்கு இடுப்பு இருப்பது
பதினான்கு மாதமாக நினைவில் இல்லை.

இரவு. அடுத்த அறையில் கேரத்
கவென்ட்ரியோடு போனில் கத்துகிறான்:
கீல் மாற வேண்டும், அச்சு மாற வேண்டும்,
ஆறு வாரம், இல்லை, எட்டு.
நான் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.
‘தள்ளிய முறை’ என்ற கட்டத்தில்
கை, இயந்திரம், இரண்டே தேர்வு.
இரண்டையும் அடித்துவிட்டு
இடுப்பு என்று எழுதினேன்.

நாளை இருநூறு முறை.
மணிக்கு நாற்பத்தைந்து டாலர் கேட்கிறாள் டார்லீன்.
செலவுக் கணக்கில்
ஐம்பது போட்டிருக்கிறேன்.