தொங்கல் கணக்கு

பேராசிரியர் பரநிருபசிங்கத்தின் ஐந்து நாவல்களையும்
எழுத்தெழுத்தாய் மேய்ந்தவள் நான்.
நாவலர் வீதி அச்சகம், பின் அறை,
சிவப்புப் பேனை, ஜெனரேற்றர் இரைச்சல்.
'அவள்' 'அவல்' ஆனால் சிரித்துவிட்டுப் போவார்கள்.
ஐம்பத்தெட்டு எண்பத்தைந்தானால்
யாருக்கோ வீடு போய்விடும்.
இது அவர் சொன்னதில்லை.
அவர் எழுத்தைத் திருத்தித் திருத்தி
எனக்கே வந்த பயம்.

முதல் நாவலில் கொலை இல்லை, காதல் இல்லை.
பாசையூர் மீனவர் சங்கத்துக் கணக்காளர் தவமலர்
ஐஸ் பெட்டிகளுக்குப் பெறுமானத் தேய்வு கழிக்க மறக்கிறாள்.
அவ்வளவுதான். நூற்றுத் தொண்ணூறு பக்கம்.
"ஆர் வாங்கப் போகினம்?" என்றார் முதலாளி ஜெறோம்.
ஏ.எல். பிள்ளைகள் வாங்கினார்கள்.
தேய்வு விளங்கியதோ தெரியாது,
தவமலருக்குக் கலியாணம் எப்போது என்று
அச்சகத்துக்குக் கடிதம் வந்தது.

பதவியுயர்வுப் படிவத்தில்
கட்டுரைக்கு ஒரு கட்டம், மாநாட்டுக்கு ஒரு கட்டம்,
நாவலுக்குக் கட்டமில்லை.
'வேறு' என்ற இடத்தில் பெயர்களை நெருக்கி எழுதினாராம்.
நேரே ஒரு கோடு இழுத்தார்கள்.
பூச்சியம்கூட இல்லை, கோடு.
இரண்டு தரம் அப்படி.
மூன்றாம் தரம், பிற்போடப்பட்ட வரி பற்றி
நாற்பது பக்கக் கட்டுரை கொடுத்துப்
பேராசிரியர் ஆனார்.
அதையும் நான்தான் திருத்தினேன்.
பிழை ஒன்றுமில்லை.
கொட்டாவி பதினேழு.

பிறகு அந்த மூன்றாம் நாவல்.
எண்பத்திநாலாம் பக்கம், பரீட்சை மீதி.
செலவுப் பக்கம் முந்நூற்றைம்பது ரூபாய் கூட.
சாதாரண தரத்தில் வணிகத்துக்கு எனக்கு 'எஸ்'தான்,
அதனால் நாலு தரம் கூட்டினேன்.
பிறகு அவருக்குப் போன்.
திருநெல்வேலிச் சந்தையில் நின்றார்.
"சேர், முந்நூற்றைம்பது இடிக்குது.
தொங்கல் கணக்கெண்டு ஒரு வரி போட்டால் சரிவரும்."
கொஞ்ச நேரம் கத்தரிக்காய் விலை மட்டும் கேட்டது.
"தெரியும் பிள்ளை. வரி போடாதேங்கோ.
சும்மா தொங்கட்டும்."

தொங்கியது.
பருத்தித்துறை மாஸ்டர் ஒருவர் ஐந்து பக்கத்தில் கண்டித்தார்.
கொக்குவில் ரியூசன் பெடியள்
ரோல்ஸுக்குப் பந்தயம் கட்டித் தேடினார்கள்,
முப்பத்தோராம் பக்கத் தேநீர்ச் சிட்டை என்றான் ஒருவன்,
தவமலர்தான் எடுத்தாள் என்று
அடிபிடிப்படாத குறை.
எல்லாருக்கும் அவர் ஒரே அஞ்சலட்டை:
மீண்டும் வாசிக்கவும்.
ஜெறோம் இரண்டாம் பதிப்புக்குக் கடதாசி வாங்கினார்.

ஒரு மாரி மத்தியானம்,
ஹெல்மற்றைக் கழற்றாமலே ஒருவர் உள்ளே வந்தார்.
ஐம்பது வயதிருக்கும். ஏதோ வங்கியின் சேட்டு.
புத்தகத்தை என் மேசையில் விரித்து
எண்பத்திநாலைத் தொட்டார்.
"இவர் இப்ப எங்க இருக்கிறார்?"
சொன்னேன்.
"பீடத்து விழாக் காசு.
அப்ப சேர்தான் பொருளாளர்.
தன்ரை சம்பளத்திலை போட்டு மூடியிருப்பார்,
மறந்திருப்பார் எண்டு..."
முடிக்கவில்லை.
ஹெல்மற்றிலிருந்து சொட்டிய தண்ணீர்
கூட்டுத்தொகையின் மேல் விழுந்து
மூன்றை எட்டாக்கியது.
ஒற்றுத்தாள் கொடுத்தேன்.
அதை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.
பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்தாம் நாள் பேராசிரியரிடமிருந்து ஒரு துண்டு,
பச்சை மையில்:
'பக்கம் 84. காசு மீதியில் முந்நூற்றைம்பது கூட்டவும்.'
காரணம் எழுதவில்லை.
நான் கூட்டினேன். இரு பக்கமும்
ஒரே தொகையில் போய் நின்றன.

மூன்றாம் பதிப்பு வந்த மாதம்
கோண்டாவில் பிள்ளை ஒருத்தி எழுதினாள்:
"சேர், கதை முந்தி மாதிரி இல்லை."
கடிதத்தை அவரிடம் அனுப்பிவைத்தேன்.
அதற்கு மட்டும்
அஞ்சலட்டை போகவில்லை.